கத்தரிக்காய் வாடை

உஷா மேடம் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு, கையிலிருந்த கத்தரிக்காயை மேசையில் போட்டார்.

"டோரதி, காலையிலேயே மீன் கழுவிட்டு வந்தியா? இத எங்க வீட்டுக் குழந்தைங்க சாப்பிட வேணாமா?"

லிங்கராஜபுரத்தில் எங்கள் அபார்ட்மென்ட்டின் மொட்டைமாடித் தோட்டம். ஞாயிற்றுக்கிழமை, காய் பங்கிடும் நேரம். பதினாறு வீட்டுக்காரர்களும் பைகளோடு நின்றிருந்தோம்.

டோரதி எங்கள் மாடிப்படிகளைப் பெருக்குகிறவர். ஒரு வருடமாகச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவதும் காய் பறிப்பதும் அவர்தான். பறிப்பவருக்கும் ஒரு பங்கு உண்டு என்று எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். அந்தப் பங்கில்தான் அவர் வீட்டில் வாரத்துக்கு மூன்று நாள் குழம்பு.

"இல்ல மேடம், நேத்து எங்க வீட்ல வெறும் ரசம். வேணும்னா மோந்து பாருங்க."

இரண்டு கைகளையும் நீட்டினார். எல்லோரும் ஓர் அடி பின்னால் நகர்ந்தார்கள்.

குழாயடிக்குப் போய், சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவினார். மூன்று முறை. திரும்பி வந்து வேறொரு காயை எடுத்துக் கொடுத்தார்.

உஷா மேடத்துக்கு உமட்டிக்கொண்டு வந்தது.

"டோரதி கை பட்டா கத்தரிக்காயே கருவாடு ஆயிடுதுப்பா" என்றார் ரகுராம்.

சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அங்கேயே முடிவு செய்துவிட்டார்கள். இனி டோரதி தண்ணீர் ஊற்றினால் போதும், காயைத் தொட வேண்டாம். பறிக்கும் வேலையும் அதற்கான பங்கும் எனக்கு. சார் சுத்தமான ஆள் என்றார்கள்.

டோரதி தன் விரல்களைத் தானே மோந்து பார்த்தார்.

"ஆமா மேடம், வாடை இருக்கு. எப்படி வந்துச்சுன்னுதான் தெரியல."

தன் பங்குப் பையை என்னிடம் நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.

நேற்று மாலை அந்தச் செடிகளுக்கு மீன் அமிலம் தெளித்தேன். மீன் கழிவையும் வெல்லத்தையும் சம அளவு போட்டு, இருபத்தொரு நாள் ஊறவைத்த உரம். மீன் என்றால் தொடமாட்டார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை.

லிட்டருக்குப் பத்து மில்லி. ஓர் இலைகூட விடவில்லை.