குழாய் ஸ்பீக்கரும் சவுக்குக் கம்பும்

“நிமிர்ந்து நில்லுடா சோம்பேறி” என்று குழாய் ஸ்பீக்கர் கத்தியபோது, சவுக்குக் கம்பின் இடுப்பில் படக்கென்று ஒரு நார் தெறித்தது. நீர்மோர்ப் பந்தலின் கூரையைத் தலையில் தாங்கிக்கொண்டு அது காலையிலிருந்து விறைப்பாகத்தான் நின்றது. பக்கவாட்டில் ஒரு குச்சியைக் கட்டி, அதன் நுனியில் ஸ்பீக்கரைத் தொங்கவிட்ட பிறகுதான் வளைந்தது.

“அண்ணே, ஒடிஞ்சிருவேன். கொஞ்சம் என்னை ஒட்டி வாங்க.”

“கூரையையே சுமக்கிறே, நான் ஒருத்தன் கனமா? ஒட்டி வந்தா என்னை யாருடா பார்ப்பாங்க?”

கம்பு இன்னும் வளைந்தது. குச்சி சாய்ந்து, கயிறு நழுவி, ஸ்பீக்கர் மோர் அண்டாவுக்குள் தொபுக்கென்று விழுந்தது. கம்பு சட்டென்று நிமிர்ந்துவிட்டது.

“டேய், குனிஞ்சு என்னைத் தூக்குடா” என்று மோருக்குள்ளிருந்து கொப்பளித்தது ஸ்பீக்கர்.

கம்பு குனியவே இல்லை.