குறுக்கே கட்டிய அம்பு

"பதினேழு வருஷம், பாஸ்டர்! ஒரு ஞானஸ்நானமாவது உண்டா? ஒரே ஒண்ணு?"

நோட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டான் கிளேபர். சபைத் தலைமையகம் அவனை மூன்று நாள் படகில் ஏற்றி அனுப்பியதே இதைக் கேட்கத்தான். பதில் சரியில்லை என்றால் பாஸ்டர் ஒடிலோன் மூட்டை கட்ட வேண்டியது, கிளேபர் அந்த இடத்தில் உட்கார வேண்டியது.

கயிற்று ஊஞ்சலில் சாய்ந்தபடி நீல நைலான் நூலால் மீன்வலையைத் தைத்துக்கொண்டிருந்தார் பாஸ்டர்.

"ஒண்ணுகூட இல்லை, தம்பி. காபி இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா?"

கிளேபருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம், அமேசான் காட்டுக்குள்ளே, வெளியாள் யாரையும் கிட்டச் சேர்க்காத ஒரு ஜனம் இருக்கிறது. ஆண்டவர் பேரையே அறியாத ஜனம். இந்த மனுஷர் என்னடாவென்றால் பப்பாளிக்குத் தண்ணீர் ஊற்றுகிறார், தொந்தி வளர்க்கிறார், சாயங்காலமானால் படகோட்டி சுலேய்டியோடு டோமினோ ஆடுகிறார்!

"ஏன் உள்ளே போகலை?"

"வழி அடைச்சிருக்கே. பாதையிலே ரெண்டு அம்பைக் குறுக்கே கட்டி வச்சிருக்கு. உள்ளே வராதேன்னு அர்த்தம். வருஷா வருஷம் எழுதி அனுப்பியிருக்கேனே, படிக்கலையா?"

"அம்புக்குப் பயந்தவருக்கு ஊழியம் எதுக்கு? நாளைக்கு நான் போறேன்."

சொல்லி வாய் மூடுவதற்குள் ஒரு தும்மல்.

"முதல்ல அந்தச் சளி போகட்டும். ஒரு மாசம் இங்கே இருங்க. அப்புறம் பேசுவோம்."

"இந்தச் சாக்கெல்லாம் என்கிட்ட வேணாம், பாஸ்டர்!"

மறுநாள் காலை படகு கிளம்பியது. கிளேபரின் பையில் அந்த ஜனத்துக்குக் கொடுக்கப் பத்துச் சட்டை, நாலு கத்தி, படம் போட்ட பைபிள் ஒன்று. பாஸ்டரும் முனகிக்கொண்டே ஏறி உட்கார்ந்தார்.

சுலேய்டி மோட்டார் விசையைத் தட்டிவிட்டு, கிளேபரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"சொந்த மூக்கைத் துடைக்க நேரமில்லை. துரை அடுத்தவங்களைக் கரையேத்தக் கிளம்பிட்டாரு!"

"அக்கா, நீங்க படகைப் பாருங்க."

"படகு எனக்குத் தெரியும், தம்பி. உங்களைத்தான் தெரியலை."

கரையில் இறங்கிக் கால் மணி நேரம் நடந்தார்கள். பாஸ்டர் சொன்னது சரிதான். ஒற்றையடிப் பாதையின் நடுவே, மார்பு உயரத்துக்கு, இரண்டு நீள அம்புகள் பெருக்கல் குறி மாதிரி குறுக்கே நின்றன.

"பார்த்தாச்சா? வாங்க, திரும்பலாம். மீன் வறுக்கணும்" என்றார் பாஸ்டர்.

கிளேபர் திரும்பவில்லை. கிட்டே போனான். குனிந்து முடிச்சைப் பார்த்தான். அவன் காது சிவந்துவிட்டது.

நீல நைலான் நூல்!

"இது... இது உங்க நூல்!"

பாஸ்டர் தலையைச் சொறிந்தார்.

"ஆமா. அம்பும் நான் சீவினதுதான். அவ்வளவு நேர்த்தியா வரலை."

"அப்போ தலைமையகத்துக்கு எழுதினதெல்லாம்?"

"பொய்தான்."

"வெட்கமா இல்லையா, பாஸ்டர்? சபைச் சோறு தின்னுக்கிட்டு, சபைக்கே வேலி போட்டு வச்சிருக்கீங்க!"

சுலேய்டி வாயைத் திறந்தாள். பாஸ்டர் கையைக் காட்டி அவளை நிறுத்தினார். முதல் தடவையாக அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

"நான் இங்கே வந்த முதல் வருஷம் இதே வழியாப் போனேன், தம்பி. நல்லாத்தான் வரவேற்றாங்க. சுட்ட மீன் குடுத்தாங்க. எல்லார் கையையும் பிடிச்சு ஜெபம் பண்ணினேன். எனக்கும் லேசாச் சளி. உங்களுக்கு இருக்கிற மாதிரிதான், பெரிசா ஒண்ணுமில்லை. அவங்க உடம்புக்கு அது புதுசு. பத்து நாள்ல பதினாலு பேர் போயிட்டாங்க. அதுல ஆறு குழந்தைங்க. மிச்சம் இருந்தவங்க உள்ளே ஓடிட்டாங்க. குழி தோண்டினது நான்தான்."

கிளேபர் மூக்கைத் துடைத்துக்கொண்டான். ஆனாலும் விடவில்லை.

"அதுக்காக? மருந்து இருக்கு, டாக்டர் இருக்காங்க. அவங்களுக்கு நம்மளைப் பார்க்கணும்னு ஆசை இருந்தா? அதைத் தீர்மானிக்க நீங்க யாரு?"

"நியாயமான கேள்வி. எனக்கும் அதே உறுத்தல்தான். ரெண்டு வருஷம் தூக்கமே வரலை." பாஸ்டர் அம்பைக் காட்டினார். "அந்தப் பக்கம் எட்டிப் பாருங்க. தாண்டிடாதீங்க, சும்மா எட்டிப் பாருங்க."

கிளேபர் கழுத்தை நீட்டிப் பார்த்தான்.

அம்புகளின் பின்பக்கத்தில் இன்னொரு கட்டு இருந்தது. மெல்லிய காட்டுக் கொடியை மூன்றாகப் பின்னி, ஏழெட்டுச் சுற்று சுற்றி, இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தது. கொடியில் இலைகூட இன்னும் வாடவில்லை.

"மழைக்காலத்துல என் முடிச்சு தளர்ந்துபோகும். திரும்பக் கட்டலாம்னு நூலை எடுத்துக்கிட்டு வருவேன். அதுக்குள்ள பின்னாடி இறுக்கியிருக்கும். மூணாவது வருஷத்துலேருந்து இப்படித்தான்."

"யாரு?"

"நூல் நான் கட்டினது, தம்பி. கொடி நான் கட்டினதில்லை."

கிளேபருக்குத் தும்மல் முட்டிக்கொண்டு வந்தது. இரண்டு கையாலும் மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டு, படகைப் பார்த்து ஓடினான்.