இப்படிக்கு, மனைவி கெசியா

பிரசங்கம் முடிந்ததும் போதகர் பத்திரிகையைப் பிரித்தார். இருமிக்கொண்டிருந்தவர்கள்கூட அடக்கிக்கொண்டார்கள்.

அடிமைகளாக விற்கப்பட்டுத் திசைக்கொருவராய்ப் போனவர்கள் தங்கள் சொந்தங்களைத் தேடிப் பத்திரிகையில் போடும் அறிவிப்புகள் அவை. வாசிக்கத் தெரியாதவர்கள்தான் சபையில் பாதிக்கு மேல். அவர்களுக்காக ஞாயிறுதோறும் போதகர் உரக்க வாசிப்பார். அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்து, அடிமைகள் எல்லோரும் விடுதலையாகி எட்டு வருஷமாகிவிட்டது. பட்டியல் மட்டும் குறையவில்லை.

ஒரு தாய் நான்கு பிள்ளைகளைத் தேடினாள். ஒருவன் தன் அண்ணனை. மூன்றாவதை வாசிக்கும் முன் போதகர் லேசாகத் தொண்டையைச் செருமினார்.

“ப்ரைமஸ் என்பவரைத் தேடுகிறேன். ரிச்மண்ட் ஏலத்தில் என்னை டென்னசிக்கும் அவரை ஜார்ஜியாவுக்கும் விற்றுவிட்டார்கள். அவருக்கு இடது காதின் நுனி இருக்காது. தெரிந்தவர்கள் நாஷ்வில் சபைக்கு எழுதவும். இப்படிக்கு, மனைவி கெசியா.”

யாரும் கெசியாவைப் பார்க்கவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனோக்கைத்தான் பார்த்தார்கள்.

எனோக் அவளுடைய புருஷன். ஆறு வருஷத்துக்கு முன்பு இதே போதகர்தான் கல்யாணத்தை நடத்திவைத்தார். நாலு வயது மகள் அவன் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். அவன் தலை குனிந்தபடி இருந்தான்.

இது அஞ்சு வருஷமாக நடக்கிறது. எனோக் வண்டிச் சக்கரம் செய்கிறவன். பட்டறைக்கு வரும் வண்டிக்காரர்கள் அவனைச் சும்மா விடுவதில்லை.

“என்ன எனோக்கண்ணே, உன் பொண்டாட்டியோட புருஷன் கிடைச்சானா?”

“இன்னும் இல்லப்பா.”

“கிடைச்சா சாப்பாட்டு மேசையில அவனுக்கு எந்தப் பக்கம் நாற்காலி?”

எனோக் சுத்தியலை எடுத்துக்கொள்வான்.

அன்று ஆராதனை முடிந்ததும் புருஷன் பெண்டாட்டி இருவரையும் போதகரின் அறைக்கு வரச் சொன்னார்கள். தூக்கம் கலைந்த மகளும் கூடவே போனாள். உள்ளே போதகரோடு, சபையை நடத்தும் மூப்பர்களில் ஒருவரான பெட்டஸின் மனைவி அடிலெய்ட் அம்மாள் உட்கார்ந்திருந்தாள்.

சபைக்குச் செங்கல் கட்டடம் வந்ததே அந்தக் குடும்பத்தின் தயவில்தான். தாத்தா காலத்திலேயே விடுதலை வாங்கியவர்கள். வீட்டில் பியானோ உண்டு. அந்த வீட்டில் யாரையும் யாரும் விற்றதில்லை.

அடிலெய்ட் அம்மாள் குரலை உயர்த்தவில்லை. இப்போது நல்ல நிலைமைக்கு வந்துவிட்ட சபை இது என்றாள். பாட்டுக் கேட்க வெள்ளைக்காரர்கள்கூட வருகிறார்கள், அவர்கள் முன்னால் பண்ணைக் காலத்துக் குப்பையைக் கிளற வேண்டுமா என்று கேட்டாள். தாயைத் தேடட்டும், பிள்ளையைத் தேடட்டும், அதில் தப்பில்லை. ஆனால் சபையில் கல்யாணம் செய்துகொண்டவள் பழைய புருஷனைத் தேடும் அறிவிப்பை இனி வாசிக்கக் கூடாது. மூப்பர்கள் பேசி முடிவெடுத்துவிட்டார்களாம்.

பிறகு கெசியாவின் பக்கம் திரும்பினாள்.

“சபை முன்னால கைப்பிடிச்ச ஒருத்தன் உன்னைத் தாங்குறான். அவனைப் பக்கத்துல வெச்சுக்கிட்டே இன்னொருத்தனுக்கு மனைவின்னு போடறியே, நெஞ்சு கூசலையா?”

கெசியா அழுதாள். முந்தானைபோல் தோளில் கிடந்த சால்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“நிறுத்திடுங்கம்மா. இன்னியோட நிறுத்திடுங்க.”

இவ்வளவு சுலபமாக முடியும் என்று அடிலெய்ட் அம்மாள் எதிர்பார்க்கவில்லை. எனோக்கைப் பார்த்துச் சிரித்தாள்.

“இனிமே நீ தலைநிமிர்ந்து உக்காரலாம்ப்பா.”

எனோக் தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தான்.

“நிறுத்த வேண்டாம்மா. அதை எழுதுறது நான்தான்.”

கெசியாவுக்கு எழுதத் தெரியாது. பள்ளிக்கூடத்து டீச்சர் எழுதிக் கொடுக்கிறாள் என்றுதான் சபையே நினைத்திருந்தது.

முதலில் டீச்சர்தான் எழுதிக் கொடுத்தாள் என்றான் எனோக். மகள் பிறந்ததும் கெசியா போதும் என்றுவிட்டாளாம். வாய் போதும் என்றதே தவிர, ஒவ்வொரு ஞாயிறும் மற்றவர்களுடைய அறிவிப்புகளை வாசிக்கும்போது அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தது அவன்தான். அதன் பிறகு அவனே எழுத்துக் கற்றுக்கொண்டு எழுதிப் போட்டிருக்கிறான்.

போதகர் மெதுவாகக் கேட்டார்.

“அந்த ப்ரைமஸ் ஒருநாள் உன் வாசல்ல வந்து நின்னா என்ன பண்ணுவே?”

எனோக் மகளின் காலில் கழன்றிருந்த செருப்பைக் குனிந்து மாட்டிவிட்டான்.

“முதல்ல உள்ள கூப்பிட்டுச் சாப்பிடச் சொல்லுவேன் ஐயா. அதுக்கப்புறம் கெசியா என்ன சொல்றாளோ அதுதான்.”



“உனக்கென்ன பைத்தியமா? இருக்கிறவளை நீயே அனுப்பி வைப்பியா?” என்றாள் அடிலெய்ட் அம்மாள்.

“எனக்கும் ஒருத்தி இருந்தாம்மா. டைசின்னு பேரு. லூயிசியானாவுக்கு வித்துட்டாங்க. கெசியாவைக் கட்டுறதுக்கு முன்னாடி நானும் ஆள் வெச்சு எழுதிப் போடாத பத்திரிகை இல்ல, விசாரிக்காத ஊர் இல்ல. ஒரு தகவலும் வரல. இனி அவளா என்னைத் தேடினாத்தான் உண்டு.”

எனோக் மகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான்.

“இந்நேரம் அவ பக்கத்துலயும் எவனோ ஒருத்தன் புருஷனா உக்காந்திருப்பான். அவனும் நாலு பேர் சிரிப்பாங்கன்னு பாத்தா, என்னை யாரும்மா தேடுவாங்க?”