கம்ப்யூட்டர் ரூம் செருப்பு

வல்லக்கோட்டை முருகன் மேல சத்தியம். நம்ம சர்ச் அந்தோணியார் மேலயும் சத்தியம். இதுல ஒரு எழுத்து பொய்யின்னா என் மீசை இப்பவே உதிரட்டும்.

எண்பத்தெட்டாம் வருஷம். இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில நான் வாட்ச்மேன். அங்கே ஒரே ஒரு கம்ப்யூட்டர். தூசு ஆகாதுன்னு செருப்பை வாசல்ல விட்டுட்டுத்தான் உள்ளே போகணும். அதுக்கு முன்னால முதலாளியே மடிச்ச வேட்டியை இறக்கிவிட்டுத்தான் நிப்பார்.

புரோகிராமர் தவிர எவர் நுழைந்தாலும் வேலை நீக்கம்னு போர்டு. அதுக்குக் காவல், மேனேஜர் நரசிம்மன். சிரிக்கவே தெரியாத மனுஷன்.

பென்னலூர் டைப்பிஸ்ட் அம்சவல்லி சாப்பாட்டு நேரத்துல திருட்டுத்தனமா உள்ளே போய் பாஸ்கல்ங்கற கம்ப்யூட்டர் பாஷையைக் கத்துக்கும். வெளியே வந்தா செருப்பு இருக்காது. சைக்கிள் ஸ்டாண்டுல கிடக்கும். தினமும் இதே கூத்து.

"எந்தக் கய்தைண்ணே இது? மாட்டட்டும், அதே செருப்பால குடுக்கறேன்"னு என்கிட்ட கத்தும்.

ஒருநாள் முதலாளி பதறிக்கினு வந்தார். சாயங்காலத்துக்குள்ள ஒரே புரோகிராம் கம்பி, துளை ரெண்டோட அளவையும் சோதிக்கணும், இல்லேன்னா பெரிய ஆர்டர் போயிடும். கம்பின்னா குறிச்ச அளவைவிடச் சின்னதா இருக்கணும்; துளைன்னா பெரிசா இருக்கணும். எதுன்னு புரோகிராம் ஓடும்போதுதான் பட்டனைத் தட்டுவாங்க.

புரோகிராமர் மைக்கேல்ராஜ் கையை விரிச்சார். பாஸ்கல்ல எண்ணுக்குத் தனி டப்பா, எழுத்துக்குத் தனி டப்பா; சின்னது பெரிசுங்கற குறியைப் போட டப்பாவே கிடையாதாம். நாற்பது இடத்துல குறி கிடக்குது, மாத்தி எழுத ஒரு மாசமாம்.

அம்சவல்லி எழுந்துது. வாயைத் திறந்தா வேலை போகும். மூடினா ஆர்டர் போகும்.

"குறியைத்தானே சார் அனுப்ப முடியாது? ஒவ்வொரு குறிக்கும் ஒரு குட்டி புரோகிராம், ஒரு ஃபங்ஷன் எழுதி, அந்த ஃபங்ஷனை அனுப்பலாமே. எல்லாம் ஒரே அச்சு. ரெண்டு எண்ணு உள்ளே போகும், ஆமாவோ இல்லியோ வெளியே வரும். எந்தப் பட்டனோ, அந்த ஃபங்ஷன்."

மைக்கேல்ராஜ் எழுந்து தன் நாற்காலியைத் தந்தார். ஒரு மணி நேரம். அதே எண்ணு, கம்பி பட்டனுக்குப் பாஸ், துளை பட்டனுக்கு ஃபெயில். மொத்த கம்பெனியும் கை தட்டுச்சு.

"எங்கேம்மா கத்துக்கினே?"ன்னார் முதலாளி.

"இந்த ரூம்லதான் சார்."

முதலாளி தன் கையாலயே போர்டைக் கழட்டினார். அன்னிக்கே அம்சவல்லி உதவி புரோகிராமர்.

"அப்படியே அந்தச் செருப்புத் திருடனையும் பிடிச்சுக் குடுங்க சார்"னுது.

நரசிம்மன் ஃபைலைப் புரட்டினார். தலைகீழா.

உங்களுக்கு மட்டும் சொல்றேன். முதலாளி ரவுண்டு வர்ற நேரம் பார்த்து, வாசல்ல அவர் கண்ல படக்கூடாதுன்னு அந்தப் பொண்ணு செருப்பைக் கக்கத்துல இடுக்கிக்கினு தினமும் சைக்கிள் ஸ்டாண்டுக்கு ஓடினது அந்த நரசிம்மன்தான். அம்சவல்லி இன்னும் ஆளைத் தேடிக்கினு கீது; சொன்னது நான்னு மட்டும் மூச்சு விட்டுடாதீங்க.