ஊதிக் காட்டு

"வாயைக் கொப்பளிச்சிட்டுப் போடா, சொன்னாக் கேளு!"

தாமாசோ தண்ணீர்க் குவளையை நீட்டினான். ரெமிகியோ வாங்கவில்லை. கடைசிப் பீப்பாயிலிருந்து எடுத்த கத்தாழைச் சாராயமான டெக்கீலாவை வாய்க்குள் ஒரு சுற்று உருட்டி, வாளியில் துப்பினான். பீப்பாயின் அடைப்புக் கட்டையை அடித்து மூடிவிட்டு நடந்தான்.

அராந்தாஸ் ஊரில் சாராயத்தை ருசி பார்த்துத் தரம் சொல்கிறவர்களுக்கு அதுதான் வழக்கம். நாளெல்லாம் வாயில் ஊற்றலாம். தொண்டையில் இறங்கக் கூடாது. இறங்கினால் நாக்கு பொய் சொல்ல ஆரம்பித்துவிடும்.

பீப்பாய்களை உருட்டி அடுக்கும் தாமாசோ பின்னாலேயே வந்தான்.

"உங்க வீட்ல குவாடலூப்பே மாதா முன்னால ஒரு வருஷம் குடிக்கிறதில்லைன்னு சத்தியம் ஆகியிருக்காமே?"

"ஆமா. முடிய இன்னும் மூணு மாசம் இருக்கு."

"அப்புறம் ஏன்டா இந்த வாசனையோட வீட்டுக்குப் போற? உன் பொண்டாட்டி ஹசிந்தா தினம் உன்னை வாசல்ல நிறுத்தி ஊதச் சொல்றாளாமே. தெருவே சிரிக்குது."

"சிரிக்கட்டும்."

தாமாசோவுக்குச் சந்தேகம் தட்டியது. துப்பின வாசனைக்குள் குடிச்ச வாசனையை ஒளிக்கிறானோ? கேட்டால் 'என் தொழிலே இதுதானே' என்று சொல்லிவிடலாமே! கெட்டிக்காரன்தான்.

"இன்னிக்கு நானும் உன் வீட்டுக்கு வரேன்," என்றான்.

"வா. சோளரொட்டி சூடா கிடைக்கும்."

ஹசிந்தா வாசலிலேயே நின்றிருந்தாள்.

"வாங்கண்ணே," என்றவள் புருஷன் பக்கம் திரும்பினாள். "ஊது."

ஊதினான். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"கிணத்துப் பக்கத்துச் சுவரோரம் இருக்கிற பீப்பாய்."

"அதேதான்."

"அஞ்சு வருஷப் பழசு. முதல்ல வெந்த கத்தாழை. அப்புறம் லேசாக் கருகின வெல்லம். கடைசியில... இரு, இன்னொரு தரம் ஊது. மெதுவா."

மெதுவாக ஊதினான்.

"காஞ்ச ஆரஞ்சுத் தோல்," என்றாள்.

தாமாசோ அசந்துபோனான். போலீஸ் நாய்கூட இவளிடம் பிச்சை வாங்க வேண்டும்.

"முழுங்கினியா?"

"இல்ல."

"பொய்."

"தாமாசோவைக் கேளு."

"அண்ணே, நீங்க சொல்லுங்க. தொண்டை அசைஞ்சுதா?"

"இல்லம்மா. வாளியிலதான் துப்பினான்."

"நீங்களும் கூட்டா?"

"நல்லாயிருக்கே! வந்த விருந்தாளியையும் ஊதச் சொல்லுவ போலிருக்கு!"

அவள் சிரிக்கவில்லை. கதவு நிலையைப் பிடித்திருந்த விரல்கள் நடுங்கின. என்ன கோபம், என்ன கோபம் என்று நினைத்துக்கொண்டான் தாமாசோ.

"நீ ஒரு சொட்டு முழுங்கினேன்னு தெரிஞ்சுது, அன்னிக்கே சத்தியமும் முடிஞ்சுது. ஞாபகம் இருக்கில்ல?"

"இருக்கு."

"இன்னும் ஒரே ஒரு தரம் ஊது."

ஊதினான். வெகுநேரம் நின்றுவிட்டு அவள் அடுப்படிக்குள் போனாள். கல்லில் ரொட்டி விழும் சத்தம் கேட்டது.

தாமாசோ நாற்காலியை இழுத்துப்போட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"உன்மேல எனக்கும் சந்தேகம் இருந்துது மாப்ளே, மறைக்க மாட்டேன். இப்ப இல்ல. ஆனா தினம் இந்த அவமானம் எதுக்குடா? ஒரு வாய் தண்ணி ஊத்திக் கொப்பளிச்சிட்டு வந்தா முடிஞ்சுது. சத்தியம் முடியுற வரைக்குமாவது அப்படிச் செய்யேன்."

ரெமிகியோ அடுப்படிப் பக்கம் பார்த்தான்.

"கொப்பளிச்சிட்டா அவளுக்கு என்னடா மிஞ்சும்?" என்றான். "சத்தியம் பண்ணினது நான் இல்ல மாப்ளே, அவ. குடிக்க மாட்டேன்னுதான் மாதாகிட்ட சொன்னா. மோந்து பாக்க மாட்டேன்னு சொல்லல."