கம்பியைத் தொட்ட கை

பெண்ணாடத்தில் வாங்கிய பழைய ஆம்ப்ளிஃபயரில் இனியவன் தன் பேஸ் கித்தாரை மாட்டினான். ‘ம்’ என்று இரைந்தது. கம்பிகளில் கை வைத்தால் நின்றது. எடுத்தால் மறுபடி இரைந்தது.

“எர்த்து சரியில்லீங்க. யாராவது கம்பிய தொட்டுகினே இருந்தா சத்தம் வராது,” என்றார் போனில் எலக்ட்ரீஷியன் பிரபாகரன்.

ஆம்ப்ளிஃபயரை அணைக்காமல், கித்தாரைக் கூடத்திலேயே ஸ்டாண்டில் வைத்துவிட்டு டீ போடப் போனான். மூன்று வருடமாக வீட்டில் அவன் ஒருவன்தான்.

பால் பொங்கும்போது இரைச்சல் நின்றது.

அடுப்பை அணைத்தான். பீங்கான் சூளையில் ஜோடியாக வாங்கிய கோப்பைகளில், இதுவரை எடுக்காத இரண்டாவதையும் எடுத்துக் கழுவினான்.

“சக்கர போடட்டுங்களா?”

கூடத்தில் ஒரே ஒரு முறை ‘ம்’ என்று கேட்டு, நின்றது.

தாராளமாகவே போட்டான்.