அம்மா இலைக்குப் பாயாசம்

“அண்ணே, எங்கம்மா இலைக்கு இன்னும் ரெண்டு கரண்டி பாயாசம் ஊத்துங்க.”

பந்தியில் வாய்விட்டுக் கேட்கக் கூடாது, கேட்டால் சோற்றுக்கு அலைகிற கூட்டம் என்பார்கள் என்று சொல்லி வளர்த்தவளே அம்மாதான். இன்று அவளுக்குக் கருமாதி. படத்தின் முன்னால் படையல் இலை, பக்கத்தில், உடம்பின் சர்க்கரையையும் கொழுப்பையும் அளக்கும் அவளுடைய கைப்பட்டை. அது சொல்கிற அளவுக்குத்தான் எந்த மண்டபத்திலும் பரிமாறுவார்கள். இலையில் ஒரு சொட்டுப் பாயாசம் கிடந்தது.

“அவங்களுக்குச் சர்க்கரை இருக்குல்ல பாப்பா, அளவு அவ்ளோதான்” என்றார் பரிமாறுபவர்.

“செத்தவங்களுக்கு ஏதுண்ணே சர்க்கரை?”

“பட்டையில அவங்க பேர இன்னும் எடுக்கல, உசிரோடதான காட்டுது. மீறி ஊத்துனா ஆபீசருங்க வந்து மண்டபத்த மூடிருவாங்க.”

பெரியப்பா என் தோளைத் தொட்டார். “விடு தாயி, எல்லாம் அம்மா நல்லதுக்குத்தான்.”

ஒவ்வொரு கல்யாணத்திலும் அந்த ஒரு சொட்டை நக்கிவிட்டு, வயிறு நிறைந்துவிட்டது என்று சிரித்துக்கொண்டே எழுந்தவள் அம்மா.

“அவங்க நல்லதெல்லாம் முடிஞ்சுபோச்சு பெரியப்பா.”

படத்தை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.

“படையல் பாதியில கெடக்கு, எங்க போற?”

“வீட்டுக்கு. வெல்லம் இருக்கு, நானே காய்ச்சிப் படைச்சுக்கிறேன்.”

கைப்பட்டையை இலையருகிலேயே விட்டுவிட்டு வாசலை நோக்கி நடந்தேன்.